கல்தச்சரின் பெயர் இருந்த ஏடு

நம் மதரஸாக்களில் ஸஹீஹுல் புகாரீ ஓதி நிறைவு செய்யப்படும் நாளில் ஊரே திரண்டு வரும். இறுதி ஹதீஸை ஓதுவதற்கு முன் உஸ்தாத் அவர்கள் தம் ஸனதைச் சொல்வார்கள். தமக்கு ஓதிக்கொடுத்தவர், அவருக்கு ஓதிக்கொடுத்தவர், அவருக்கும் முந்தியவர் எனப் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிச் செல்லும். தில்லியின் ஷாஹ் வலிய்யுல்லாஹ் (ரஹ்), மதீனாவின் அபூதாஹிர் அல்குர்தீ (ரஹ்), எகிப்தின் ஸகரிய்யா அல்அன்ஸாரீ (ரஹ்), இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (ரஹ்), அவர்களுடைய ஆசிரியர் இப்ராஹீம் அத்தனூகீ (ரஹ்) என்று அந்த வரிசை போகும். துஆவை எதிர்பார்த்து அமர்ந்திருப்போர் பெரும்பாலும் இப்பெயர்களைக் காதில் வாங்குவதில்லை. மாணவப் பருவத்தில் நாமும் அப்படித்தான் அமர்ந்திருந்தோம்.

அத்தனூகீ அவர்களுக்கு அடுத்து வரும் பெயர் அஹ்மத் இப்னு அபீதாலிப் அல்ஹஜ்ஜார். ஹஜ்ஜார் என்றால் கல்லைக் கொத்துபவர். இது பட்டப்பெயரோ குலப்பெயரோ அன்று. அவர் பார்த்த தொழில் அதுவே. மாபெரும் ஹாபிழ்களும் முஹத்திஸ்களும் நிற்கும் வரிசையின் நடுவே ஒரு கல்தச்சர் எவ்வாறு வந்து சேர்ந்தார்? இக்கேள்வியை நாம் தேடிப் பார்க்க நேர்ந்ததற்கு ஒரு சிறு காரணம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

நம் மஹல்லாப் பள்ளியின் மாடியில் ஒரு சிறு நூலகம் இருக்கிறது. மூன்று கிதாப் பீரோக்கள், இரண்டு நீண்ட பாய்கள், ஒரு மேசை. அவ்வளவே. ஞாயிறுதோறும் அஸ்ருக்குப் பின் அங்கே ஒரு வாசிப்பு மஜ்லிஸ் நடக்கும். ஒருவர் ஒரு நூலை உரக்க வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். பக்கத்து அறையில் தாய்மார்கள் அமர்ந்து கேட்பார்கள். அவர்களோடு பிள்ளைகளும் வந்துவிடுவார்கள். சென்ற ஷஅபான் மாத ஜமாஅத் கூட்டத்தில் இதுபற்றிப் பேச்செழுந்தது. பிள்ளைகளின் இரைச்சலால் வாசிப்புக் கெடுகிறது, ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்டோரை மாடிக்கு ஏற்ற வேண்டாம் என்றார் ஒரு பெரியவர். தாய்மார்களுக்கு வேறொரு நாள் ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்றார் மற்றொருவர். முடிவு ரமளானுக்குப் பின் என்று தள்ளிவைக்கப்பட்டது. அன்று நாம் மறுத்து எதுவும் பேசவில்லை. பேச நமக்குத் தகுதியும் இருக்கவில்லை. சத்தம் போடுகிறார்கள் என்று இரண்டு சிறுவர்களை நாமே ஒருமுறை கீழே அனுப்பியிருக்கிறோம்.

அந்த இடைவெளியில்தான் அல்ஹஜ்ஜாரின் மஹல்லாவைப் பற்றிப் படிக்கத் தொடங்கினோம்.

திமிஷ்கு நகரின் வடக்கே காஸியூன் என்றொரு மலை உண்டு. அதன் அடிவாரத்தில் அமைந்த மஹல்லாவின் பெயர் ஸாலிஹிய்யா. அதை நிறுவியவர்கள் அகதிகள். பாலஸ்தீனத்தின் நாப்லுஸ் அருகே ஜம்மாஈல் என்னும் சிற்றூர் அப்போது சிலுவைப் போராளிகளின் ஆட்சியில் இருந்தது. அவ்வூரின் ஆலிம் அஹ்மத் இப்னு குதாமா (ரஹ்) வெள்ளிக்கிழமைகளில் ஆற்றிய உரையைக் கேட்கச் சுற்றுப்புற உழவர்கள் கூடலாயினர். அந்நிலத்தின் பிராங்கியப் பிரபு இதைப் பொறுக்கவில்லை. தம் உயிருக்குக் குறி வைக்கப்பட்டதை அறிந்த அவர் ஹிஜ்ரீ 551இல் (கி.பி. 1156) திமிஷ்குக்குத் தப்பி வந்தார். குடும்பத்தாரும் உறவினரும் பின்தொடர்ந்தனர். நகரின் கிழக்கு வாசலுக்கு வெளியே அபூஸாலிஹ் பள்ளிவாசலில் முதலில் ஒண்டியிருந்தார்கள். அங்கே நோய் பரவிப் பலர் இறக்கவே, சில ஆண்டுகளில் மலையடிவாரத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். ஸாலிஹிய்யா என்ற பெயர் அந்தப் பழைய பள்ளிவாசலின் பெயரிலிருந்து வந்தது என்பர். ஸாலிஹான மனிதர்கள் வாழ்ந்ததால் வந்தது என்போரும் உளர்.

அஹ்மத் அவர்களின் மூத்த மகன் அபூஉமர் (ரஹ்) அங்கே ஒரு மதரஸாவைக் கட்டினார். உமரிய்யா என்று அது பெயர் பெற்றது. குர்ஆன் பிரதிகளையும் ஃபிக்ஹு நூல்களையும் தம் கைப்பட எழுதிக் கூலி வாங்காமல் மக்களுக்குக் கொடுத்து வந்தவர் அவர். ஹிஜ்ரீ 607இல் (கி.பி. 1210) மறைந்தார். இளையவர் முவஃப்பகுத்தீன் இப்னு குதாமா (ரஹ்) ‘அல்முக்னீ’ என்னும் பெருநூலால் உலகறிந்தவர். மஹல்லாவின் ஜாமிஆப் பள்ளியை ஹிஜ்ரீ 598இல் அபூஉமர் தொடங்க, திமிஷ்கு வணிகர் ஒருவர் பொருள் தந்தார். அது போதாமற்போகவே இர்பில் நாட்டு மன்னர் முழஃப்பருத்தீன் மிச்சத்தை முடித்துக் கொடுத்தார். பள்ளிக்கு ‘முழஃப்பரீ’ என்று அவர் பெயர் நிலைத்துவிட்டது. தொடங்கியவர் ஒருவர், பெயர் மற்றொருவருக்கு. நம் ஊர்ப் பள்ளிவாசல் கல்வெட்டுகளிலும் இதைப் பார்க்கிறோம்.

நம் பேச்சுக்கு உரிய நூலகம் அந்தப் பள்ளியின் வாசலருகே எழுந்தது. அதைக் கட்டியவர் அக்குடும்பத்தின் அடுத்த தலைமுறையைச் சேர்ந்த ளியாவுத்தீன் அல்மக்திஸீ (ரஹ்). ஹிஜ்ரீ 643இல் (கி.பி. 1245) மறைந்தவர். கையில் பணம் சேரும்போது ஒரு பக்கத்தைக் கட்டுவார், தீர்ந்ததும் நிறுத்துவார், மீண்டும் சேரும்வரை காத்திருப்பார். கட்டட வேலையில் தாமே இறங்கி உழைப்பார். நல்லவர்கள் சிலர் உதவினார்கள் என்கிறார் தஹபீ (ரஹ்). பேணுதலின் காரணமாக எவரிடமும் எதுவும் வாங்கவில்லை என்கிறது மற்றோர் அறிவிப்பு. இரண்டில் எது சரியாயினும், அது சுல்தான்கள் கட்டிய கட்டடம் அன்று என்பது தெளிவு. ஹதீஸ் ஓதும் இல்லமாக அதை வக்ஃபு செய்தார். தம் நூல்களையும் ஏடுகளையும் அங்கே வைத்தார். முவஃப்பகுத்தீன், ஹாபிழ் அப்துல் கனீ போன்றோரின் நூல்களும் அங்கே வந்து சேர்ந்தன.

அந்த வக்ஃபைப் பற்றி தஹபீ எழுதும் வாசகத்தில் ஓரிடம் நம்மை நிறுத்தியது. சிறுவர்களின் ஒரு கூட்டத்துக்கு அங்கே ஹதீஸ் கேட்பிக்கப்பட வேண்டும் என்பதும் ளியாவுத்தீன் அவர்களின் ஏற்பாட்டில் ஒன்று. பிள்ளைகள் தற்செயலாக வந்து அமர்ந்துகொண்டவர்கள் அல்லர். அந்த இல்லம் கட்டப்பட்ட நோக்கத்திலேயே அவர்கள் இருந்தார்கள்.

ஸாலிஹிய்யாவின் நூலகங்கள் நூலை அடுக்கிப் பூட்டி வைக்கும் இடங்களாக இருந்ததில்லை. நூலைக் கூட்டத்தில் வைத்து ஓதுவதே அவற்றின் அன்றாட வேலை. ஸனது உள்ள ஷைகு ஒருவர் அமர்ந்திருப்பார். குரல் தெளிவுள்ள ஒருவர் ஏட்டை வாசிப்பார். அறிஞர்கள் தம் பிரதியோடு ஒப்பிட்டுத் திருத்துவார்கள். பிரதி இல்லாதோர் செவியால் கேட்பார்கள். மூன்றாமவர் ஒருவர் வந்தோரின் பெயர்களை எழுதுவார். முடிவில் நூலின் கடைசிப் பக்கத்திலோ ஓரத்திலோ ஒரு பதிவு சேர்க்கப்படும். நூலைக் கேட்பித்த ஷைகு யார், வாசித்தவர் யார், எழுதியவர் யார், எந்த நாள், எந்த இடம், கேட்டவர்கள் யார் யார் என்று அதில் இருக்கும். இதற்கு ‘ஸமாஉ’ என்று பெயர். இப்பதிவே பிற்காலத்தில் ஒருவருக்குச் சான்றிதழாக விளங்கும்.

எழுதுபவர் அதில் எவ்வளவு நுணுக்கம் பார்த்தார் என்பது வியப்பளிப்பது. தாமதமாக வந்தவருக்கு எந்தப் பகுதி தவறிற்று என்று குறிக்கப்படும். இடையே எழுந்து சென்றவருக்கும் அப்படியே. பல அமர்வுகளில் நூல் முடிந்திருந்தால் எந்த அமர்வுக்கு யார் வரவில்லை என்பதும் எழுதப்படும். தந்தையோடு வந்த பிள்ளைகள், அக்காளோடு வந்த தங்கை, எஜமானரோடு வந்த அடிமை, எல்லாருக்கும் அதில் இடமுண்டு. தையற்காரர், ரொட்டி சுடுபவர் என்று தொழிலால் குறிக்கப்பட்டவர்களையும் காணலாம். ஹிஜ்ரீ 550 முதல் 750 வரை திமிஷ்கில் எழுதப்பட்ட இத்தகைய பதிவுகளைத் தொகுத்து 1996இல் ஒரு பெரிய அகராதியே வெளிவந்திருக்கிறது. அது பெரிதும் பெயர்களின் அகராதி. அரசர்களின் வரலாற்று நூல்கள் எவற்றிலும் இடம்பெறாத மனிதர்கள் அதில் இருக்கிறார்கள்.

பிள்ளைகளை எப்படிப் பதிவு செய்வது என்பதில் முஹத்திஸ்களிடையே ஒரு வழக்கம் உருவாகியிருந்தது. ஐந்து வயது நிறைந்த பிள்ளையின் பெயருக்கு நேரே ‘கேட்டார்’ என்று எழுதுவர். ஐந்துக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையாயின் ‘வந்திருந்தார்’ அல்லது ‘கொண்டுவரப்பட்டார்’ என்று எழுதி, வயதையும் குறிப்பர். இதற்கு அடிப்படையாக இமாம் புகாரீ (ரஹ்) தம் நூலின் கல்வி அத்தியாயத்தில் கொண்டுவரும் மஹ்மூத் இப்னு ரபீஉ (ரழி) அவர்களின் செய்தி காட்டப்படுகிறது. தமக்கு ஐந்து வயதாயிருந்தபோது நபி (ஸல்) அவர்கள் வாளி நீரை வாயில் எடுத்துத் தம் முகத்தில் உமிழ்ந்து விளையாடியதை முதுமையிலும் நினைவில் வைத்திருந்தவர் அவர். ஐந்து வயதுப் பிள்ளையின் நினைவு ஹதீஸாயிற்று. எனினும் திமிஷ்கின் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) இதில் கட்டுப்பெட்டியாக நிற்கவில்லை. கேட்பதைப் புரிந்து மறுமொழி சொல்லும் பிள்ளையாயின் ஐந்துக்குக் கீழும் ‘கேட்டார்’ எனலாம், அந்நிலை வராத பிள்ளைக்கு ஐம்பது வயதானாலும் ‘கேட்டார்’ எனலாகாது என்ற கருத்துடையவர் அவர்.

ஓதும்போது எழுதிக்கொண்டிருப்பவரின் கேள்வி செல்லுமா என்றும் விவாதித்திருக்கிறார்கள். பாக்தாதில் இஸ்மாயீல் அஸ்ஸஃப்பார் அவர்களின் மஜ்லிஸில் இளைஞர் ஒருவர் தம் கையிலிருந்த வேறோர் ஏட்டைப் படியெடுத்துக்கொண்டே அமர்ந்திருந்தார். நீர் கேட்டது கணக்கில் வராது என்றார் பக்கத்தில் இருந்தவர். ஷைகு இதுவரை எத்தனை ஹதீஸ்கள் சொன்னார் என்று இளைஞர் திருப்பிக் கேட்டார். அவருக்குத் தெரியவில்லை. பதினெட்டு என்று சொன்ன இளைஞர், அவற்றை ஸனதோடு முறை தவறாமல் ஒப்புவித்தார். அவர்தாம் பிற்காலத்தில் இமாம் தாரகுத்னீ (ரஹ்) என்று அறியப்பட்டவர். கவனியாதவர்போல் தோன்றும் பிள்ளையைப் பற்றி நாம் அவசரப்பட்டு முடிவெடுப்பதை நினைத்து இதைப் படித்தபோது வெட்கப்பட்டோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதிவில் பெயர் இருப்பதால் ஓர் உரிமை பிறந்தது. நூலின் சொந்தக்காரர் தம் கையாலேயே ஒருவரின் பெயரை அதில் எழுதியிருந்தால், படியெடுத்துக்கொள்ளவும் ஒப்பிடவும் அந்நூலை அவருக்கு இரவல் தந்தாக வேண்டும். தர மறுத்தவர்களின் வழக்கு கூஃபாவில் காழீ ஹஃப்ஸ் இப்னு கியாஸ் (ரஹ்) முன்னும், பின்னர் காழீ இஸ்மாயீல் (ரஹ்) முன்னும் வந்தது. இருவருமே கேட்டவர் பக்கம் தீர்ப்பளித்ததை இப்னுஸ் ஸலாஹ் எடுத்தெழுதுகிறார். கிதாபைப் பிடித்துவைத்துக்கொள்வதை, போர்ப்பொருளைக் கையாடலைக் குறிக்கும் ‘குலூல்’ என்ற சொல்லாலேயே இமாம் ஸுஹ்ரீ (ரஹ்) சுட்டியிருக்கிறார்கள். நம் பள்ளிகளின் கிதாப் பீரோச் சாவிகள் யார் யார் வீட்டில் கிடக்கின்றன என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம். இரவல் தருவதில் தாராளம் என்றால் மர்வ் நகரைச் சொல்லியாக வேண்டும். மங்கோலியர் வருமுன் அங்கே தங்கியிருந்த யாகூத் அல்ஹமவீ (ரஹ்) பத்து வக்ஃபு நூலகங்களைக் குறிப்பிடுகிறார். இருநூறு நூல்களுக்குக் குறையாமல் எப்போதும் தம் வீட்டில் இருந்தன என்றும், அவற்றில் பெரும்பாலானவை ஈடு எதுவும் வாங்காமல் கொடுக்கப்பட்டவை என்றும் நன்றியோடு எழுதுகிறார். அந்நூலகங்களில் பெரியதொன்றை வக்ஃபு செய்தவர், மர்வ் கடைத்தெருவில் பழமும் நறுமணச் செடிகளும் விற்றுத் தம் வாழ்வைத் தொடங்கியவர். சற்று விலகிவிட்டோம், ஸாலிஹிய்யாவுக்குத் திரும்புவோம்.

ஹிஜ்ரீ 630ஆம் ஆண்டு (கி.பி. 1232-33). பாக்தாதிலிருந்து ஹுஸைன் இப்னு முபாரக் அஸ்ஸபீதீ (ரஹ்) திமிஷ்குக்கு வந்திருந்தார். இமாம் புகாரீ அவர்களுக்கும் அவருக்கும் இடையே நான்கே பேர். அத்தனை குறுகிய ஸனது அந்நாளில் அரிது. காஸியூன் அடிவாரத்தில் ஸஹீஹுல் புகாரீ அவரிடம் முழுமையாக ஓதப்பட்டது. ஸாலிஹிய்யா மக்கள் தம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வந்த பிள்ளைகளுள் அஹ்மத் என்ற சிறுவனும் ஒருவன். வயது ஏறத்தாழ ஆறு. எழுதுபவர் அவன் பெயரையும் எழுதினார். மறு ஆண்டே அஸ்ஸபீதீ மறைந்தார்.

சிறுவன் வளர்ந்தான். கல்தச்சனானான். திமிஷ்குக் கோட்டையில் கல்தச்சர்களுக்குத் தலைவராக இருபத்தைந்து ஆண்டுகள் பணியாற்றினார் என்று இப்னு கஸீர் (ரஹ்) எழுதுகிறார். முதுமையில் தையல் வேலை பார்த்தார். ஹதீஸ் மஜ்லிஸ்களில் அவருக்கென்று ஓர் இருக்கை இருந்ததில்லை. அவர் பெரிய கல்விமானும் அல்லர்.

இடையே ஹிஜ்ரீ 699இல் (கி.பி. 1300) காஸானின் மங்கோலியப் படை திமிஷ்கை வந்தடைந்தது. நகரின் மதில்களுக்கு வெளியே இருந்த ஸாலிஹிய்யாவே பேரழிவைச் சந்தித்தது. மக்கள் கொல்லப்பட்டார்கள், பெண்களும் பிள்ளைகளும் சிறைபிடிக்கப்பட்டார்கள். ளியாவுத்தீன் அவர்களின் நூலகம் கொள்ளையிடப்பட்டுப் பெரும்பகுதி போயிற்று. பின்னர் அது மெல்லத் தேறிக்கொண்டது என்று தஹபீ குறிப்பிடுகிறார்.

அதற்கு ஏழாண்டுகள் கழித்து, ஹிஜ்ரீ 706இல், அஸ்ஸபீதீயிடம் புகாரீ கேட்டவர்களின் பெயர்ப் பதிவில் அஹ்மத் இப்னு அபீதாலிப் என்ற பெயரை முஹத்திஸ்கள் கண்டார்கள். அந்த மஜ்லிஸ் நடந்து எழுபத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆள் உயிரோடு இருந்தார்! அதே மஹல்லாவில், எண்பதைக் கடந்த முதியவராக. முஹத்திஸ்களின் மகிழ்ச்சியை இப்னு கஸீர் மறவாமல் பதிவு செய்திருக்கிறார். அதன்பின் அம்முதியவரின் முன்னிலையில் புகாரீ முழுவதும் ஏறத்தாழ அறுபது முறை ஓதப்பட்டது. அவருக்கு மாத உதவி நியமிக்கப்பட்டது. சுல்தான் அந்நாஸிரும் அவரிடம் கேட்டு, அங்கி அணிவித்துச் சிறப்பித்தார். குளிர்காலங்களில் அஷ்ரஃபிய்யா ஹதீஸ் இல்லத்தில் இப்னு கஸீர் தாமும் அவரிடம் ஏறத்தாழ ஐந்நூறு ஏடுகள் கேட்டார். ஹிஜ்ரீ 730 (கி.பி. 1329) ஸஃபர் மாதம் ஒன்பதாம் நாள் திமிஷ்கின் பெரிய பள்ளியில் புகாரீ ஓதப்பட அவர் அமர்ந்திருந்தார். சிறுவனாக அதைக் கேட்டு நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதே மாதத்தில் அல்லாஹ்வின் அழைப்பை ஏற்றார்.

இதில் ஒரு நியாயமான ஐயம் எழலாம். ஆறு வயதில் கேட்டதை எண்பதில் எப்படி நம்புவது? நூலின் சொற்களைக் காத்தவர் அல்ஹஜ்ஜார் அல்லர். ஒப்பிட்டுத் திருத்தப்பட்ட பிரதிகளும், அவற்றைக் கையில் வைத்திருந்த அறிஞர்களுமே சொற்களைக் காத்தார்கள். அல்ஹஜ்ஜாரின் பங்கு வேறு. அந்த ஓதலில் தாம் இருந்தார் என்பதற்கு அவரே சான்று. இம்முறையிலும் மிகை நேர்ந்ததுண்டு. குறுகிய ஸனதின் ஆசையில் கைக்குழந்தைகளையும் தூக்கிச் சென்று பெயர் எழுதுவித்தார்கள். ஹதீஸ்கலை அறிஞர்களே அதைக் கண்டித்தார்கள். குறையையும் சேர்த்தே சொல்வதுதான் நேர்மை.

பெண்களின் செய்தியை விட்டுவிட்டால் ஸாலிஹிய்யாவின் கதையில் பாதி போய்விடும். அஸ்ஸபீதீயின் அதே மஜ்லிஸ்களில் புகாரீ கேட்ட ஸித்துல் வுஸரா (ரஹ்) என்னும் பெண்மணி, அல்ஹஜ்ஜாரைப் போலவே கெய்ரோவுக்கு அழைக்கப்பட்டு அங்கே ஓதிக்கொடுத்தார். ஸைனப் பின்த் கமாலுத்தீன் (ரஹ்) இம்மஹல்லாவின் மக்திஸீ குடும்பத்தவர். சிறு வயதிலேயே கண்நோயால் பாதிக்கப்பட்டவர், மணம் புரியாதவர். ஓர் ஒட்டகம் சுமக்கும் அளவு ஏடுகளுக்கு அவரிடம் இஜாஸத் இருந்ததாம். நாளின் பெரும்பகுதியும் மாணவர் கூட்டம் மொய்த்திருக்க, சலியாமல் பொறுமையோடு ஓதிக்கொடுத்தார் என்று வரலாற்றாசிரியர்கள் புகழ்கிறார்கள். ஹிஜ்ரீ 740இல் (கி.பி. 1339) தொண்ணூற்று நான்கு வயதில் மறைந்தார்.

ஆயிஷா பின்த் முஹம்மத் இப்னு அப்துல் ஹாதீ (ரஹ்) அவர்களின் செய்திதான் நம்மை மிகவும் தொட்டது. ஹிஜ்ரீ 723இல் பிறந்தவர். நான்காம் வயதின் தொடக்கத்தில் இருந்தபோது, புகாரீ முழுமைக்கும் அல்ஹஜ்ஜாரின் மஜ்லிஸுக்குக் கொண்டுவரப்பட்டார். முறைப்படி ‘வந்திருந்தார்’ என்றே அவர் பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும். அந்தக் குழந்தை நீண்டநாள் வாழ்ந்து, ஹிஜ்ரீ 816இல் (கி.பி. 1413) மறைந்தார். இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ திமிஷ்கு வந்தபோது இவரிடம் ஏராளமான நூல்களை ஓதினார். 630இல் அஸ்ஸபீதீயின் முன் அமர்ந்த ஒரு சிறுவன், அச்சிறுவன் முதியவரானபோது அவர் முன் அமர்ந்த ஒரு சிறுமி. இருவருக்குள் நூற்று எண்பத்தாறு ஆண்டுகள் அடங்கிவிட்டன.

ஆயிஷா அவர்களின் குடும்பத்திலேயே பிறகு தோன்றியவர் யூஸுஃப் இப்னு அப்துல் ஹாதீ (ரஹ்). ஹிஜ்ரீ 909இல் (கி.பி. 1503) மறைந்தவர். அவர் காலத்தில் அந்த மஜ்லிஸ்களின் பொலிவு குன்றியிருந்தது. பழைய சிற்றேடுகள் கேட்பாரற்றுக் கிடந்தன. அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்து, பலவற்றை ஒன்றாகத் தைத்துக் கட்டுநூல்களாக்கினார். வெளியே கேட்பார் குறைந்தபோது வீட்டிலேயே மஜ்லிஸ் வைத்தார். மனைவியருக்கும் பிள்ளைகளுக்கும் வீட்டு அடிமைப் பெண்களுக்கும் ஓதிக் காட்டி, அவர்கள் பெயர்களையெல்லாம் ஏட்டில் எழுதினார். நானூறு ஆண்டுப் பழமையான ஹதீஸ் ஏட்டின் ஓரத்தில், மாபெரும் ஹாபிழ்களின் பெயர்களுக்குக் கீழே அவர் வீட்டுக் குழந்தைகளின் பெயர்கள் இருக்கின்றன. பின்னர் நூல்கள் அனைத்தையும் உமரிய்யா மதரஸாவுக்கு வக்ஃபு செய்து, தம் கையால் ஒரு பட்டியலும் எழுதிவைத்தார்.

உமரிய்யாவின் நூல்களுக்குப் பிற்காலத்தில் நேர்ந்தது துயரமானது. இரவல் கொண்டோர் திருப்பவில்லை, திருடுவோரும் குறையவில்லை. வெளியூர் மாணவர் ஒருவர் ஐந்து ஒட்டகச் சுமை நூல்களைக் கொண்டுபோனதை இப்னு பத்ரான் (ரஹ்) வேதனையோடு எழுதியிருக்கிறார். எஞ்சியவற்றை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஷைகு தாஹிர் அல்ஜஸாயிரீ (ரஹ்) போன்றோரின் முயற்சியால், பிற மதரஸா நூல்களோடு சேர்த்து ழாஹிரிய்யா நூலகத்தில் வைத்தார்கள். அங்கிருந்து அவை திமிஷ்கின் தேசிய நூலகத்துக்குச் சென்றன. காஸியூன் அடிவாரத்து ளியாயிய்யாவின் வக்ஃபு என்ற குறிப்பு அவற்றுள் பல ஏடுகளின் முகப்பில் இன்னும் இருக்கிறது.

காயல்பட்டினத்தில் ஆண்டுதோறும் ரஜப் மாதம் நடைபெறும் புகாரிஷ் ஷரீஃப் மஜ்லிஸைப் பார்த்தவர்களுக்கு ஸாலிஹிய்யாவைக் கற்பனை செய்வது கடினமாக இராது. ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும் ஒரு நூலைக் கேட்க நாள்தோறும் கூடுவது நமக்குப் புதிதன்று. நம்மிடம் இல்லாதது அந்தப் பெயர் எழுதும் பழக்கம்தான்.

ஷவ்வால் மாதக் கூட்டத்தில் நாம் அல்ஹஜ்ஜாரின் கதையைச் சொன்னோம். இரைச்சல் என்று முதலில் சொன்ன பெரியவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, ‘ஹஜ்ரத், அந்தப் பையனும் சத்தம் போட்டிருப்பானோ?’ என்று கேட்டார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். தாய்மார்களின் அறை அப்படியே இருக்கட்டும், பிள்ளைகளும் வரட்டும், ரபீஉல் அவ்வல் வரை பார்ப்போம் என்று முடிவாயிற்று. சாவியை மோதினாரிடமே வைப்பது என்றும் தீர்மானித்தார்கள். பெரியவர் மட்டும், கடைசி வரிசைக்கு ஒரு கண்காணிப்பாளர் வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். அந்தப் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்துவிட்டோம்.

மறுநாள் கடைத்தெருவில் கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று வாங்கினோம். அடுத்த ஞாயிறு ரியாளுஸ் ஸாலிஹீன் தொடங்கியது. வாசித்தவர், எழுதியவர், நாள், இடம் என்று முதலில் எழுதி, அதன் கீழே பெயர்களை எழுதினோம். பள்ளித் தேர்வால் பாதியில் எழுந்து சென்ற இருவருக்கு எங்கே விட்டுப்போயிற்று என்று குறித்தோம். நாம் முன்பு கீழே அனுப்பிய சிறுவர்களில் ஒருவன் வந்திருந்தான். மற்றவன் வரவில்லை. கடைசிப் பெயர் ஒரு மூன்றரை வயதுக் குழந்தையுடையது. அது வாசிப்புத் தொடங்கிய சற்றைக்கெல்லாம் தன் உம்மும்மாவின் மடியில் உறங்கிவிட்டது. நோட்டில் அதன் பெயருக்கு நேரே வயதைக் குறித்து, ‘வந்திருந்தார்’ என்று எழுதினோம்.